கூடி ஆய்தல்: தொண்டு வேலையில் மீளாய்வு என்னும் பழக்கம்

நம் மலரில் வழக்கமாக நான் எழுதுவது கல்வெட்டு, சமணப் பள்ளி, பழைய நிகண்டு என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். இந்த முறை மலர்க் குழுவினர், "ஐயா, சங்கங்களின் நடைமுறைக்கு உதவுகிற மாதிரி ஒன்று எழுதுங்களேன்" என்று கேட்டுக்கொண்டார்கள். நடைமுறை என்றால் வியாபாரிக்குப் பழக்கமானதுதான். மஸ்ஜித் பந்தர் நாளிலிருந்து வாஷி சந்தை வரை அரிசி மண்டியில் காலம் தள்ளியவனுக்கு, கணக்கு முடிக்காமல் ஒரு நாள் கழிந்தது கிடையாது. ஆனால் தொண்டு நிறுவனங்களில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

வெளி மாநிலங்களில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கங்கள் பலவும் ஏதாவது ஒரு நற்பணி செய்கின்றன. மாலை வகுப்பு, கண் சிகிச்சை முகாம், ரத்ததானம், ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு உதவி, யாரேனும் காலமானால் உடலை ஊருக்கு அனுப்பும் ஏற்பாடு என்று பட்டியல் நீளும். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூடும். வரவு செலவு வாசிக்கப்படும். தலைவருக்குப் பொன்னாடை, செயலாளருக்குப் பொன்னாடை, மண்டபம் கொடுத்தவருக்கு இரண்டு பொன்னாடை. "இவ்வளவு பேர் பயன் பெற்றார்கள்" என்று ஒரு எண் சொல்லப்படும். கைதட்டுவோம். அந்த எண் உண்மையிலேயே யாருக்கு என்ன செய்தது என்று கேட்கிற இடம் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அதற்கான இடத்துக்குத்தான் 'மீளாய்வு' என்று பெயர்.

இந்த 'ஆய்' என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். ஆய்வு என்றால் பல்கலைக்கழகம், பட்டம், தடித்த புத்தகம் என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது. வீட்டில் அம்மா முறத்தில் கீரையைப் போட்டுக்கொண்டு "கீரை ஆஞ்சுட்டு வரேன்" என்பார்களே, அதுவும் இதே சொல்தான். பழுப்பு இலையைக் கிள்ளிப் போட்டு, நல்லதை எடுத்துக்கொள்வது. கீரையைத் திட்டுவது அதில் கிடையாது. விற்றவளைத் திட்டுவது உண்டு, அது வேறு விஷயம்! மீளாய்வு என்பதும், செய்து முடித்த வேலையை முறத்தில் பரப்பி நாலு பேர் சேர்ந்து ஆய்வதுதான்.

கடைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரவு கடை அடைக்குமுன் கல்லாவை எண்ணுவோம். சிட்டையில் உள்ளதும் கையில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு வழிதான். ஒன்று, கல்லாவில் உட்கார்ந்த பையனைப் பிடித்துச் சத்தம் போடுவது. இன்னொன்று, அன்று நடந்த வியாபாரத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்து எங்கே விட்டுப்போனது என்று தேடுவது. சத்தம் போட்டால் அடுத்த தடவை பணம் குறையாது. பையன் தன் சட்டைப் பையிலிருந்து போட்டு நிரப்பிவிடுவான், அல்லது சிட்டையைத் திருத்திவிடுவான். கணக்கு சரியாக இருக்கும், கடைக்கு ஒன்றும் தெரியாது.

கணக்குக் காட்டுவதும் கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன். கணக்குக் காட்டுவதில் நம் முன்னோர் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்றவற்றின் காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி நிற்க முடியாது! இன்று எந்தச் சங்கத்தில் இப்படி ஒரு விதி போட முடியும்? ஆனால் அது திருட்டைத் தடுக்கும் விதி. ஏரி ஏன் இந்த வருஷம் சீக்கிரம் தூர்ந்தது என்று கேட்கும் விதி அல்ல.

எங்கள் சமண மரபில் 'பிரதிக்கிரமணம்' என்று ஒன்று உண்டு. பகலில் நடந்ததற்கு, இரவில் நடந்ததற்கு, பதினைந்து நாளுக்கு, நான்கு மாதத்துக்கு, ஆண்டுக்கு என்று தவணை வைத்து, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. அதில் நான் வியப்பது அந்தத் தவணையைத்தான். குற்றம் நடந்ததா இல்லையா என்று பார்த்து உட்காருவதில்லை. நாள் வந்தால் உட்கார வேண்டும். ஆனாலும் அது தனி மனிதன் தன் உயிருக்காகச் செய்வது. ஒரு குழு தன் வேலையைப் பார்க்கும் முறைக்கு வேறு இடம் போக வேண்டும்.

அந்த இடம் ராணுவம்! அகிம்சை பேசுகிற சமணன் அமெரிக்க ராணுவத்தைக் காட்டுகிறானே என்று சிரிக்காதீர்கள். வாள் அடிக்கிற கொல்லன்தான் அரிவாள்மனையும் அடிக்கிறான். வியட்நாம் போருக்குப் பிறகு, 1970-களின் நடுவில், அமெரிக்கத் தரைப்படை தன் பயிற்சி முறையை மாற்றியபோது 'ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ' என்ற பழக்கத்தை உண்டாக்கியது. செயல் முடிந்த கையோடு செய்யும் ஆய்வு என்று பொருள். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் என்ற இடத்தில் பெரிய பயிற்சிக் களம் அமைத்தார்கள். படைப் பிரிவுகள் அங்கே போய், எதிரியாக நடிக்கும் நிரந்தரப் படையோடு பொய்ச் சண்டை போடும். குண்டுக்குப் பதில் லேசர் கருவி. யார் யாரை எப்போது சுட்டார்கள் என்பது பதிவாகிவிடும். வந்த படை பெரும்பாலும் தோற்கும். தோற்ற உடனே, புழுதியோடு உட்கார்ந்து பேசுவார்கள்.

பேச்சு நான்கு கேள்விகளில் அடங்கும். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? இரண்டுக்கும் ஏன் வித்தியாசம்? அடுத்த முறை எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது? அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் முதல் கேள்வியிலேயே பல குழுக்கள் விழுந்துவிடும். ஏனென்றால் என்ன நடக்க வேண்டும் என்று தொடக்கத்தில் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். வேலை முடிந்த பிறகு, நடந்ததையே நினைத்ததாக மனசு மாற்றிக்கொள்ளும். நிறைய நேரம் நான்காம் கேள்விக்குத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நம்மவர்கள் மூன்றாம் கேள்வியிலேயே, அதுவும் 'யாரால்' என்று மாற்றி, பொழுதை ஓட்டிவிடுவோம். கூட்டத்தில் பதவி பார்ப்பதில்லை என்பதும் அவர்கள் விதி. இந்த முறை பிறகு தொழிற்சாலைகளுக்கும் மருத்துவத்துக்கும் பரவியது. நோய்ப் பரவல் முடிந்த பின் நாடுகள் எப்படித் தங்கள் செயல்பாட்டை ஆய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டி நூலே வெளியிட்டது.

தொண்டுத் துறையில் இதற்கு நான் கண்ட மிக நல்ல உதாரணம் நம் பக்கத்து நாட்டில் இருக்கிறது. வங்கதேசத்தின் 'பிராக்' நிறுவனம். ஃபசுலே ஹசன் அபெத் என்பவர் 1972-ல், போருக்குப் பின், சுல்லா என்ற வெள்ளக்காட்டுப் பகுதியில் நிவாரண வேலையாகத் தொடங்கியது. 1980-ல் அவர்கள் ஒரு பெரிய காரியத்தைக் கையில் எடுத்தார்கள். வயிற்றுப்போக்கால் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த நாடு. மருந்தோ மிக எளியது: உப்பும் இனிப்பும் கலந்த தண்ணீர். 1971-ல் வங்கதேச அகதிகள் நம் எல்லையில் குவிந்தபோது, பனகாவ் முகாமில் டாக்டர் திலீப் மகாலனபிஸ் இதைக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றியது உலகறிந்தது. 2023-ல் அவருக்கு இறப்புக்குப் பின் பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது. பொட்டலம் வாங்க முடியாத கிராமத்துத் தாய்க்கு அதை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுப்பது என்று பிராக் முடிவு செய்தது. மூன்று விரலால் எடுக்கும் கிள்ளு உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இளம் பெண்கள் குழுவாகக் கிராமம் கிராமமாகப் போய், வீடு வீடாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

இதில் ஒரு கெட்டிக்கார ஏற்பாடு வைத்தார்கள். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்த்துக் கூலி இல்லை. ஒரு மாதம் கழித்து வேறொருவர் போய், சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, அந்தத் தாய்க்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டு, கரைசலைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். தாய் சரியாகச் சொன்னால்தான் கற்றுக்கொடுத்தவளுக்கு முழுக் கூலி. நம் டியூஷன் வாத்தியார்களுக்கு இப்படி வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், பயமாக இருந்தது.

தாய்மார் சரியாகவே சொன்னார்கள். கரைசலும் சரியாக வந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் இந்த இடத்தில் பொன்னாடை போர்த்தியிருக்கும். பிராக் இன்னொரு கேள்வி கேட்டது: குழந்தைக்கு வயிறு போனபோது இதை உண்மையில் கொடுத்தீர்களா? கொடுத்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை!

ஏன்? மானிடவியல் படித்தவர்களை அனுப்பிப் பேசச் சொன்னார்கள். ஊழியர்களிடமும் கேட்டார்கள். அப்போதுதான் வந்தது விஷயம். கற்றுக்கொடுத்த பெண்களில் பலருக்கே அந்தத் தண்ணீரில் நம்பிக்கை இல்லை. அவர்களுக்கு வயிறு கெட்டால் மாத்திரைதான் போட்டுக்கொண்டார்கள். வாய் சொல்வதும் மனசு நம்புவதும் வேறு என்பதைக் கிராமத்துத் தாய் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். உடனே ஊழியர்களை டாக்காவுக்கு வரவழைத்து, ஆய்வுக்கூடத்தில் உடலில் நீர் எப்படிக் குறைகிறது, உப்பும் இனிப்பும் சேர்ந்து அதை எப்படி மீட்கிறது என்று விளக்கினார்கள். வீடுகளில் சொல்லிக்கொடுக்கும்போது கரைசலைத் தாங்களே குடித்துக் காட்டச் சொன்னார்கள். பயன்பாடு கூடியது, ஆனாலும் போதவில்லை. மறுபடி கேட்டுப் பார்த்தார்கள். வீட்டு ஆண்களிடம் யாருமே பேசவில்லை, அவர்களுக்கு இதில் விருப்பமில்லை என்று தெரிந்தது. சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். இப்படித் திருத்தித் திருத்தி, 1990-ல் அந்தத் திட்டம் முடிந்தபோது 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குப் போயிருந்தார்கள்.

இதில் யாரும் திருடவில்லை, சோம்பி இருக்கவுமில்லை. சரியான வேலையை எல்லாரும் சரியாகச் செய்தார்கள், குழந்தைக்குத் தண்ணீர் மட்டும் போகவில்லை. தணிக்கையாளர் பத்துப் பேர் வந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. 'மாத்திரைதான் போட்டுக்கொள்கிறேன்' என்று ஒரு ஊழியப் பெண் தன் நிறுவனத்திடம் சொல்லக்கூடிய நிலை இருந்ததே, அங்கேதான் கதை திரும்பியது.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். தாராவியில் நம் சங்கம் நடத்தும் கண் முகாமை எல்லாரும் அறிவீர்கள். கூட்டத்துக்குக் குறைவே இருந்ததில்லை. கண்புரை என்று சீட்டு எழுதிக்கொடுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர்கூட அறுவை சிகிச்சைக்குப் போகவில்லை என்பது, மருத்துவமனையின் பட்டியலையும் நம் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சிகிச்சை இலவசம், லென்ஸ் இலவசம். "நம்ம ஜனங்களுக்கு அக்கறை இல்லீங்க" என்றார் ஒரு பெரியவர். கூட்டம் அத்தோடு முடிந்திருக்கும். பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, "அங்கிள், சீட்டுல திங்கட்கிழமை காலையில எட்டு மணின்னு போட்டிருக்கு. இட்லி வியாபாரம் பண்றவங்க எப்படிப் போவாங்க?" என்று கேட்டாள்.

தாராவியில் இட்லி வியாபாரம் தெரியாதவர் யார்? விடியுமுன் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, வெளிச்சம் வரும்போது தலையிலும் சைக்கிளிலும் அண்டாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், திரும்ப பத்து மணிக்கு மேல் ஆகும். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி என்றால் அன்றைய பிழைப்பு போச்சு. கூட ஒருவர் வர வேண்டும் என்பதால் மகனுக்கும் ஒரு நாள் கூலி போச்சு. சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது, அதில் தேதி எங்கே என்று தேடத் தெரியாதவர்களும் உண்டு. தொண்டர்கள் சிலர் வீட்டுக்கே போய் விசாரித்ததில், பாதிக் காரணங்கள் இப்படித்தான். ஒரு ஆச்சி மட்டும், "ஒரு கண்ணு தெரியுதுல்லா, அது போதும்ய்யா" என்றாராம். அதற்கு எந்தக் கூட்டத்திலும் பதில் கிடைக்கவில்லை.

அதிலிருந்து முகாம் முடிந்த மறு ஞாயிறும், பிறகு மாதம் ஒரு ஞாயிறும் குழு கூடுகிறது. ஒரு மணி நேரம்தான். ஒரு நோட்டு. இடது பக்கத்தில் முகாமுக்கு முன்பே எழுதியது: இந்த முறை எத்தனை பேர் அறுவைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறோம். வலது பக்கத்தில் நடந்தது. கீழே முடிவு, அதைச் செய்யப்போகிறவர் பெயர், தேதி. 'குழு கவனிக்கும்' என்று எழுதக் கூடாது. குழு என்று ஒரு ஆள் கிடையாது. அடுத்த கூட்டம் அந்த நோட்டை வாசித்துத்தான் தொடங்கும். சீட்டு இப்போது தமிழில் இருக்கிறது. மருத்துவமனையோடு பேசி, வியாபாரிகளுக்குப் பிற்பகல் நேரம் வாங்கியிருக்கிறோம்.

நன்றாக நடந்த வேலையையும் இதே மாதிரி ஆய வேண்டும். ஒரு வருஷம் கூட்டம் அலைமோதியது. பேனர் நல்ல வேலை செய்தது என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. விசாரித்தால், முந்தின நாள் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் யாரோ அறிவித்ததைக் கேட்டுத்தான் பெரும்பாலோர் வந்திருந்தார்கள். பேனர் செலவு இப்போது பாதி. காரியம் கெட்டால் மட்டும் கூடுவது என்று வைத்தால், கூட்டத்துக்கு அழைப்பதே குற்றப்பத்திரிகை போல ஆகிவிடும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வாய் திறப்பது நம்மிடையே பெரிய சங்கடம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்கச் சிப்பாய் கர்னலிடம் "உங்கள் உத்தரவு தெளிவாக இல்லை" என்று சொல்லிவிடலாம். நம் கூட்டத்தில் அண்ணாச்சி ஒன்று சொன்னபிறகு தம்பி வேறு சொல்வானா? மரியாதையை விடச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மரியாதையை வைத்துக்கொண்டே வரிசையை மாற்றிக்கொள்ளலாம். வயதில் சிறியவர் முதலில் பேசுவது, தலைவர் கடைசியில் பேசுவது. அதற்கும் கூச்சப்படுகிறவர்களுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, பெயர் எழுத வேண்டாம். பெரியவர்களுக்கு இது முதலில் ருசிக்காது. இரண்டு மூன்று கூட்டம் பொறுத்துக்கொண்டால் பழகிவிடும்.

இந்த முறைக்கு ஒரு எல்லையும் உண்டு. கூடி ஆய்கிறவர்களுக்கு, வந்தவர்களைப் பற்றித்தான் தெரியும். வராதவர்களைப் பற்றித் தெரியாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அனுபவத்தைப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பின் 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது. கண் முகாம் நடத்துவதில் அவர்களுக்கு இணை யாருமில்லை. அவர்கள் முகாம்களைப் பற்றி 1990-களில் நடந்த ஒரு ஆய்வு, கிராமத்தில் கண் குறை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர் அளவுதான் என்று காட்டியது. கூட்டம் நிரம்பி வழிந்த முகாம்கள் அவை! முகாமை இன்னும் பெரிதாக்குவதோடு அவர்கள் நிற்கவில்லை. 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரக் கண் மையங்களைத் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே பரிசோதிப்பார்கள், மருத்துவர் தொலைவிலிருந்து திரையில் பேசுவார். இன்று அவை நூற்றுக்கும் மேல். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது, முகாமுக்கு வராத தெருவுக்குப் போய் நாலு கதவைத் தட்ட வேண்டும்.

நன்கொடை தருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம் இன்னொன்று. கனடாவில் 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' என்ற அமைப்பு 2008 முதல் ஆண்டுதோறும் தன் தோல்விகளைத் தொகுத்து அறிக்கையாகவே வெளியிட்டு வந்தது. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மண்டியில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மூட்டையில் ஈரம் இருக்கிறது என்று நாமே முதலில் சொல்லிவிட்டால் வாங்குகிறவர் விலை குறைப்பார், ஆனால் அடுத்த வாரமும் வருவார்.

நம் கண் முகாமின் நோட்டு சங்க அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அதில் மூன்று கூட்டமாக அடிக்கப்படாமல் நிற்கும் வரி ஒன்று உண்டு: துணைக்கு ஆள் இல்லாத மூதாட்டிகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போய், இரவு கூடத் தங்க யார்? இரண்டு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் நாலு பேராவது வேண்டும்.